சீமாட்டியின் விலாவில் ஒரு மூடி

மார்ச் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போடத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன். நேற்றிலிருந்து நீ போட்ட போன் ஒன்றையும் நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன். போனில் நீ 'அக்கா' என்று ஒரு இழுப்பு இழுத்தால் நான் இளகிவிடுவேன். அது உனக்கும் நன்றாகத் தெரியும். அதனால் எழுது. எழுத்தில் உனக்கு இழுக்கத் தெரியாது.

உன் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேற்று நான் வந்தது உன்னிடம் சொல்லாமல்தான். சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வா, அதற்கடுத்த வாரம் வா என்று சாக்குச் சொல்லியிருப்பாய். வாசலில் நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். இருக்கட்டும், நான் பார்க்க வந்தது அவனை இல்லை, என் எருமையை என்றேன். காவல்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எருமையப் பாக்கவா பையில பழம் வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கொட்டகை என்னமோ நன்றாகத்தான் இருக்கிறது. கழுவிவிட்ட சிமென்ட் தரை, மேலே மின்விசிறி. என் வீட்டுக்காரர்கூட அங்கே படுத்துத் தூங்குவார். சீமாட்டியின் காதில் மஞ்சள் தகடு குத்தி, அதில் ஒரு நம்பர். சரி, போகட்டும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள், என் கையை நக்கினாள். பிறகு பழத்துக்காக மறுபக்கம் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தேன்.

இடது விலாவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு ரப்பர் மூடி. பெரிய டப்பாவுக்குப் போடுகிற அளவு. நான் பழத்தை நீட்டியபடி நிற்கும்போதே உன் மாணவி ஒருத்தி தோள்வரை உறை மாட்டிக்கொண்டு வந்து, "உள்ள பாக்கறீங்களாம்மா?" என்று கேட்டு, அந்த மூடியைப் பிடுங்கினாள். முழுக் கையையும் உள்ளே விட்டாள். ஆவி பறந்தது. பாதி மென்ற புல்லை ஒரு பிடி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"தீனிய மாத்தி மாத்திக் குடுத்துப் பாப்போம், சாணியெடுத்து சோதிப்போம், அவ்ளோதான்க்கா" என்றுதானே அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனாய்? கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் நான். அடுத்தவர் கால் கழுவிய தொட்டியில் வாய் வைக்க மாட்டாளே என்றுதான் சீமாட்டி என்று பெயர் வைத்தேன். அவள் வயிற்றில் ஓட்டை போட யாரைக் கேட்டாய்?

பதில் எழுது. வளவளவென்று எழுதாதே.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

எனக்குக் கை வருகிறது, அதனால் போட்டிருக்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அத்தானைக் கேட்டேன். போனில் கேட்டேன், அவர் சரி என்றார். உன்னிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொல்லவில்லை என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

உன்னிடமே ஏன் கேட்கவில்லை என்று அடுத்து எழுதுவாய். கேட்டால் முடியாது என்பாய் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று நீ ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

சீமாட்டிக்கு வலி இல்லை. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தோம். சில நாளில் ஆறிவிட்டது. இப்படி மூடியோடு பல வருடம் நன்றாக வாழ்ந்த மாடுகள் உண்டு. நீயே பார்த்தாயே, மாணவியின் கை உள்ளே இருக்கும்போது அவள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றாளா இல்லையா?

எதற்காக இது என்றும் சொல்லிவிடுகிறேன். எருமை தானாகப் புல்லைச் செரிப்பதில்லை அக்கா. அதன் முதல் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. செரிப்பது அவைதான். நாம் எருமைக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம், உண்மையில் அவற்றுக்குத்தான் போடுகிறோம். புல்லும் வைக்கோலும் போட்டால் நாரைத் தின்கிற கூட்டம் பெருகும். மாவுப் பண்டம் போட்டால் மாவைத் தின்கிற கூட்டம் பெருகும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். திடீரென்று மாவைக் கொட்டினால் அந்தக் கூட்டம் ஒரே நாளில் பெருகி, உள்ளே எல்லாம் புளித்து, அந்தப் புளிப்பில் மற்றவை செத்துப்போகும். பிறகு மாடும் போகும். எந்தத் தீனிக்கு எந்தக் கூட்டம் பெருகுகிறது என்று நாளுக்கு நாள் பார்க்கத்தான் அந்த மூடி.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. நீ பேக்கரியிலிருந்து பழைய ரொட்டி வாங்கிப் போடுகிறாய் என்று அத்தான் சொன்னார். நிறுத்திவிடு.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

கறப்பவள் நான், சாணி அள்ளுபவள் நான், கன்று போடும்போது முழங்கைவரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். சரி என்று சொல்ல மட்டும் உன் அத்தானா? அந்த மனிதருக்கு எந்த எருமை சினையாக இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நீ கேட்ட அன்று டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததாம். "ஏதோ சின்ன ஆபரேஷன்னான், மச்சான் பாத்துப்பான்னு சரின்னுட்டேன்" என்கிறார். நாலு நாளாகக் கறவை அவர் கையில்தான். நான் ஒதுங்கிக்கொண்டேன். ஒருத்தி வாளியை உதைத்துத் தள்ளினாள், இன்னொருத்தி காம்பையே தொடவிடவில்லை. இப்போது 'உன்னைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன்' என்று சுற்றிச் சுற்றி வருகிறார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் கதையைச் சொல்.

முடியாது என்பேன் என்று உனக்கே தெரியுமாம். அப்படித் தெரிந்தால் செய்திருக்கவே கூடாது. தெரிந்துகொண்டே பின்வாசல் வழியாகப் போனவனுக்குத் திருடன் என்றுதான் பெயர். படித்தவனாக இருந்தால் வேறு பெயரா வைப்பார்கள்?

ரொட்டியை நிறுத்து என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். மழை இல்லை, புல் இல்லை. வைக்கோல் ஏற்றி வருகிற லாரிக்காரன் ராஜா மாதிரி வருகிறான், நாங்கள் வரிசையில் நிற்கிறோம். பேக்கரிக்காரர் ஒருத்தர்தான் முகம் சுளிக்காமல் தருகிறார். தினம் ஒரு கூடை, வைக்கோலோடு கலந்து போடுகிறேன். மாடுகள் ஆசையாகத் தின்கின்றன. பால் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் கோடிக்கணக்கான ஆட்களிடம் போய்ச் சொல், இந்த வீட்டில் யாரும் பட்டினி இல்லை என்று.

சீமாட்டியை அனுப்பு. மூடியோடு அனுப்பினாலும் சரி. அவளுடைய கிடாரி இங்கே அம்மா நின்ற இடத்திலேயே போய்ப் படுத்துக்கொள்கிறது.

அக்கா


மார்ச் 21

அக்கா,

இந்தத் தடவை 'அன்புள்ள' போட எனக்கும் கை வரவில்லை.

திருடன் என்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. சீமாட்டியை இப்போது அனுப்ப முடியாது. புல்லும் வைக்கோலுமாகக் கொடுத்து அளவெடுக்கிற பகுதி இன்னும் முடியவில்லை. அது முடிந்ததும் தானியத்துக்கு மாற்றி அளவெடுக்க வேண்டும். நடுவில் விட்டால் இதுவரை செய்தது அத்தனையும் குப்பைக்குப் போகும்.

கேட்காமல் செய்தேன் என்று என்மேல் பாய்கிறாய். என்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டபோது நீ என்னைக் கேட்டாயா? பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் எழுப்பினாய். எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்றும் நீதான் முடிவு செய்தாய். அது நல்லதாகவே முடிந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் விஷயத்தில் கேட்காமல் முடிவெடுப்பது நம் வீட்டுப் பழக்கம். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

ரொட்டி விஷயம். பால் கூடியது என்று மகிழ்ந்து போகாதே. முதலில் அப்படித்தான் கூடும். நிறுத்த முடியாவிட்டால் அந்த ஒரு கூடையோடு இரு. அதற்கு மேல் ஒரு துண்டு போடாதே. சொன்னால் கேட்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். கேட்காமல் போட்டு ஏதாவது ஆனால் அப்புறம் என்னைக் கூப்பிடாதே.

தம்பி


ஏப்ரல் 4

அக்கா,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

மாடுகள் படுத்த அன்றைக்கு உன் கொட்டகையில் நான் விடியும்வரை இருந்தேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொண்டுவந்த கேன்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய், குழாயைப் பிடித்துக்கொண்டாய், மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்தாய், எல்லாம் செய்தாய். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தாய். கிளம்பும்போது மாட்டு டாக்டருக்கு டீ கொடுத்தாய். எனக்கு அத்தான்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கேன்களில் இருந்தது சீமாட்டியின் வயிற்று நீர் என்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அத்தானின் போன் வந்ததும் மாணவியைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து, துணியில் வடிகட்டி, சூடு குறையாமல் கம்பளியில் சுற்றி எடுத்து வந்தேன். நல்லவேளையாக சீமாட்டி இன்னும் புல் தீனியில் இருந்தாள். டாக்டர் உன் மாடுகளின் வயிற்றைக் கழுவி, சோடா உப்புக் கொடுத்து, புளிப்பை அடக்கிவிட்டார். ஆனால் அடக்கியபின் உள்ளே வேலை செய்ய ஆள் இல்லை. அந்த ஆட்களைத்தான் கேனில் கொண்டுவந்தேன்.

அவ்வளவு நீரை எடுத்ததால் இங்கே சீமாட்டியின் அளவுகள் எல்லாம் தாறுமாறாகிவிட்டன. நடுவில் விட்டால் குப்பை என்று எழுதினேனே, அந்தக் குப்பையை நானே கொட்டினேன். இயக்குநர் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கிழித்தார். விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? அத்தான் வண்டியில் என்னைக் கொண்டுவிடும்போது சொன்னார். அன்று பேக்கரியில் விற்காமல் தேங்கிய ரொட்டியையெல்லாம் ஏற்றி அனுப்பினார்களாம். என் கடிதம் உன் கையில் இருந்ததாம். "இன்னைக்கு ரெண்டு பங்காப் போடுங்க, என்ன ஆகுதுன்னு அவனுக்கு எழுதறேன்" என்று நீ சொன்னாயாம். என்மேல் கோபம் என்றால் என்னை அடிக்க வேண்டியதுதானே? வாயில்லா ஜீவன்களின் தொட்டியில் போய்க் கொட்டுவாயா?

பிழைத்தவை அசைபோடுகின்றனவா? அதை மட்டுமாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

அசைபோடுகின்றன. மூன்று நாளில் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. முதலில் ஆரம்பித்தவள் அந்த ஒற்றைக்கொம்புக்காரி. வாயின் ஓரம் லேசாக அசைந்தது, ஈ ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறுவதைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், போதுமா?

கேனில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. புளித்த நாற்றத்திலேயே ஒரு பகல் முழுக்க நின்ற மூக்குக்கு, புல் வாசனை தெரியாதா?

இரண்டு பங்காகப் போடச் சொன்னது நான்தான். அவர் "வேணாமே" என்று ஒரு தடவை சொன்னார், நான் முறைத்தேன், போட்டார். உன்மேல் இருந்த ஆத்திரம்தான். அதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் இல்லை. தொட்டியைக் கழுவும்போதெல்லாம் எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் நீயும் ஒன்றைத் தெரிந்துகொள். காலையில் கிடாரி படுத்துவிட்டது. வயிறு தளும்பியது, பல்லை நறநறவென்று கடித்தது, சாணி தண்ணீராய்ப் போனது. டாக்டர் பக்கத்து ஊரில் வேறு கேஸில் மாட்டிக்கொண்டிருந்தார், மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றார். உன் நம்பரை எடுத்தேன். எடுத்து, உன் கடிதத்தில் நீ எழுதியிருந்ததை நினைத்தேன். கூப்பிடாதே என்று எழுதியிருந்தாயே. போனைக் கையில் வைத்துக்கொண்டு அதன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வைராக்கியம், என்ன செய்ய. மதியம் அது கழுத்தை என் மடியில் போட்டுச் செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் உன் அத்தான் என்னைக் கேட்காமல் உனக்குப் போன் போட்டார். அந்த மனிதர் வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் செய்த ஒரே உருப்படியான காரியம்.

காலையிலேயே கூப்பிட்டிருந்தால் அது பிழைத்திருக்குமா என்று உன்னைக் கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே. பிழைத்திருக்கும் என்று சொன்னாலும் தாங்க முடியாது, பிழைத்திருக்காது என்றாலும் பொய் என்று நினைப்பேன்.

அதனால்தான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்று உன்னை அறைந்திருப்பேன், இல்லை கட்டிக்கொண்டு கத்தியிருப்பேன். குழாய் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

ரொட்டியை நிறுத்திவிட்டேன். லாரிக்காரன் முன்னால் வரிசையில் நிற்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கூப்பிடாதே என்ற அந்த வரியை எழுதின கையை வெட்டிப்போட்டால் தேவலை என்று இருக்கிறது. உன்னை வலிக்கவைக்க வேண்டும் என்றேதான் அதை எழுதினேன். நீ கூப்பிடாமல் இருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இப்போது புரியவில்லை.

சமாதானம் சொல்லி நீட்டவில்லை. ஒரு காரியம் இருக்கிறது.

ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க இயக்குநர் சம்மதித்திருக்கிறார். சீமாட்டியை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அவள் வயிற்று நீர் நன்றாக இருக்கிறது, நோய்ப்பட்ட மாடுகளுக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்கிறார். அத்தானிடம் பேசிவிடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், மாடு என் அக்காவுடையது என்றேன்.

அதனால் கேட்கிறேன் அக்கா. சீமாட்டி இங்கேயே இருக்கட்டுமா? நீ சொல்கிறபடி.

தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள தம்பி,

இருக்க வேண்டாம். அனுப்பிவிடு.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் போகிற ஜாதி இல்லை, உனக்கே தெரியும். ஆனால் இதை யோசித்துத்தான் சொல்கிறேன். கிடாரி போன பிறகு இந்தக் கொட்டகையில் ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் கறக்க முடியவில்லை. நோய்ப்பட்ட மாடுகளுக்குக் கொடுக்கலாம் என்றால் இங்கேயும் கொடுக்கலாம். நடந்ததைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் மூன்று பேர் ரொட்டியைக் குறைத்திருக்கிறார்கள். குறைக்காதவர்களுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் டாக்டர் என் வாசலுக்குத்தான் வருவார், வரட்டும். அந்த மாணவியை ஒரு நாள் அனுப்பு, மூடியை எப்படிக் கழுவுவது என்று கற்றுக்கொள்கிறேன். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உன் இயக்குநருக்கு வேறு மாடு கிடைக்கும். ஆனால் அதன் சொந்தக்காரரை முதலில் கேட்கச் சொல்.

ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சீமாட்டியின் அம்மாவும் வயிறு ஊதித்தான் செத்தாள். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார்கள், பூச்சி என்றார்கள், தண்ணீர் என்றார்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த ஊதின வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே பார்க்க முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேனே என்று அன்றைக்கு நினைத்தேன். உன்னை அந்தப் படிப்பில் சேர்த்ததே அதனால்தான், யாரிடமும் சொன்னதில்லை.

முடியாது என்பேன் என்று உனக்குத் தெரியும் என்று எழுதினாயே. நீ வந்து, "அக்கா, உள்ள பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, சீமாட்டி வயித்துல ஒரு ஓட்டை போடணும்" என்று கேட்டிருந்தால், சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்கா